ஏழு தண்ணி அலசிய பெட்டி

பிள்ளையார்பாளையத்து ரொட்டிச் சக்கரவர்த்தியே,

இன்று காலை உன் பெட்டி என் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. குட்டியானை வண்டியில், நான்கு பக்கமும் கயிறு கட்டி, கருடசேவைக்குப் புறப்பட்ட வாகனம் மாதிரி ஆடி ஆடி வந்தது. அதை இறக்க நாற்பது ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

“எத்தினி தண்ணிபா?” என்று நீ கேட்பது காதில் விழுகிறது. சரி, நான்கு பேர். அதில் ஒருவன் செல்போனில் பேசிக்கொண்டே இறக்கினான், ஆகவே மூன்றரை.

நான் எதைப் பெரிதாகச் சொன்னாலும் ஐம்பது வருஷமாக நீ முகத்தை அசைக்காமல் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டாய். எங்கள் சாயக்கொட்டகைப் பேச்சு அது. சாயம் ஏற்றிய பட்டு நூலை எத்தனை முறை புதுத் தண்ணீரில் அலசினாய் என்று அர்த்தம். தென்னேரி ஏரியில் நான் பிடித்த மீன் மாட்டுவண்டியில் ஏறாமல் வாலைத் தெருவில் இழுத்துக்கொண்டு வந்தது என்பேன். “எத்தினி தண்ணிபா?” என்பாய். மீன் முழ நீளத்துக்குச் சுருங்கிவிடும். டீக்கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இன்று காலை வரைக்கும் சிரித்தேன்.

உன் மகள் எஸ்தர் வண்டிக்குப் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தாள். நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. கடையில் அவள் ரொட்டி மாவு உப்பவைக்க மின்சாரத்தில் ஓடும் பெரிய இரும்புப் பெட்டி வாங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இந்த மரப்பெட்டி பின்கட்டில் மைதா மூட்டைக்குக் காவலாக நின்றது எனக்குத் தெரியும். “அப்பா இத உங்ககிட்ட சேர்த்துடச் சொன்னாரு சித்தப்பா” என்றாள். வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். “உள்ள தலைய உட்டு மேல்பலகையப் பாக்கச் சொல்லுன்னாரு. அவ்ளோதான்” என்றாள்.

கதவைத் திறந்ததும் வாசனை வந்து மூஞ்சியில் அறைந்தது. பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தையின் வாயும், இறக்கி அரை நாளான கள்ளும் சேர்ந்தால் ஒரு வாசனை வருமே, அது. பெட்டியில் மாவு வைத்து இருபது வருஷம் ஆகியிருக்கும், மரம் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. தலையை உள்ளே விட்டேன். இந்தப் பெட்டிக்குள் ஐம்பது வருஷமாக நான் தலையை விட்டதே இல்லை, காரணம் உனக்குத் தெரியும். மேல்பலகையைப் பார்த்தேன். கத்தி முனையால் கீறிய ஐந்து கோடுகள். பள்ளிக்கூடத்துப் பையன் ஒன்று இரண்டு எண்ணிப் போடுவதுபோல வரிசையாக, நேராக, ஐந்து.

வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். எஸ்தர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். மாரடைப்பு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. மாரடைப்பு வந்திருந்தால் இவ்வளவு ஆடியிருக்க மாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் உனக்குச் சொல்லாத ஒரு துண்டு அதில் இருக்கிறது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கம். நம் காஞ்சிபுரத்தில் அப்போது ரொட்டி என்பது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, மருந்தில் சேர்த்தி. வீட்டில் ரொட்டி வாங்கினால் எதிர்வீட்டுக்காரர் வந்து யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிப்பார். காய்ச்சல் விட்டதும் மிச்ச ரொட்டியை மாடுகூடச் சந்தேகமாகத்தான் பார்க்கும். இட்லியையே மூங்கில் குடலையில் வேகவைத்துச் சாமிக்குப் படைக்கிற ஊரில், பட்டணத்து ரொட்டிக்கடையில் மாவு பிசைந்து கற்றுக்கொண்ட தைரியத்தில் நீ வந்து கடை போட்டாய். எங்கள் தெரு முனையில், என் சாயக்கொட்டகைக்கு நாலு வீடு தள்ளி. கடை திறந்த அன்று பல்லவ ராஜாக்களே எழுந்துவந்து வரிசையில் நின்றார்கள். இல்லை, இல்லை. நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு நாய்.

உன் அப்பா வாலாஜாபாத் பக்கத்து வயல்களில் அடுத்தவர் நெல்லைக் கூலிக்கு அறுத்தவர். உங்கள் வீட்டுக்கு அதுவரைக்கும் கதவு உண்டே தவிரப் பூட்டு கிடையாது, பூட்ட ஒன்றும் இருந்ததில்லை. கடைக்கென்று நீ ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினாய். முதல் நாள் சாயங்காலம் அதைப் பூட்டி, திறந்து, மறுபடி பூட்டி, சாவியை அண்ணியின் கையில் கொடுத்தாய். அண்ணி அதைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். எஸ்தர் அப்போது அவர் வயிற்றில் இருந்தாள்.

அந்தப் பூட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஊருக்கு வெளியே இருந்த நெஞ்சுநோய் ஆஸ்பத்திரி. தினமும் முப்பது ரொட்டி, சாயங்காலம் நாலு மணிக்கு. ஊர்க்காய்ச்சலை நம்பிக் கடை நடத்த முடியாது. ஆஸ்பத்திரி ரொட்டி இருந்தால் நடத்தலாம். அது போனால் நீ பூட்டைக் கழற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போய் மறுபடி யாருடைய மாவையோ பிசைய வேண்டும். அதை நீ சொன்னதில்லை. அண்ணி ஒருமுறை சொன்னார்.

மார்கழி பிறந்தது. உன் மாவு எழுந்திருக்க மறுத்தது. காலை எட்டு மணிக்குப் பிசைந்து அச்சுகளில் போட்டால் பன்னிரண்டுக்கு உப்பி நிற்க வேண்டிய மாவு, இரண்டு மணிக்கும் முனிவர் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. கோணி போர்த்திப் பார்த்தாய். அடுப்பின் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தாய். அடுப்புப் பக்கம் உப்பி, சுவர்ப் பக்கம் படிந்து, ரொட்டி ஒரு முனையில் கோபுரமும் மறுமுனையில் குளமுமாக வெந்தது. அதை நோயாளிகள் கடித்ததில் பதினேழு பேருக்குப் பல் விழுந்தது. சரி, ஒருவருக்கு ஆடியது. ஆஸ்பத்திரியில் வார்டு பார்த்த சிஸ்டரம்மா உன்னைக் கூப்பிட்டு, இந்த வாரம் பார்ப்பேன், அடுத்த வாரம் வேறு கடைக்குச் சொல்லிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

அன்று நீ என் கொட்டகைக்கு வந்து சாயத்தொட்டியின் ஓரம் உட்கார்ந்தாய். நான்தான் பேசினேன். உலகத்தில் தீராத பிரச்சினை ஒன்றுகூட என் கொட்டகை வாசலைத் தாண்டிப் போனதில்லை என்று அறிவித்துவிட்டு, மூலையில் நின்ற உலர்த்தும் பெட்டியைக் காட்டினேன்.

ஆள் உயரத்துக்குப் பலாமரப் பெட்டி. மழைக்காலத்தில் சாயம் ஏற்றிய பட்டு நூல் சிட்டங்கள் வெயிலில் காயாது. அதனால் பெட்டிக்குள் குறுக்கே வரிசையாக மூங்கில் கம்புகள் செருகி, அவற்றில் சிட்டங்களைத் தொங்கவிட்டு, அடியில் கும்முட்டி அடுப்பில் கரி போட்டுக் காயவைப்போம். அந்தக் கம்புகளைப் பார் என்றேன். இரண்டு கம்புக்கு மேல் ஓர் அச்சு. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு, முப்பது ரொட்டி! அந்த ஆஸ்பத்திரிக்கென்றே யாரோ ஒரு தச்சன் அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. சூடு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும், இல்லையென்றால் மாவின் மேல் ஏடு கட்டிவிடும் என்றாய். கும்முட்டி மேல் ஓர் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் ஆவிக்கு ஆவி, சூட்டுக்குச் சூடு என்றேன். நீ எழுந்து நின்றாய். அன்றைக்கு முதல் தடவையாக உன் கண்ணில் வெளிச்சம்.

அப்புறம் பெட்டியைத் தடவினாய். உன் விரல் அரக்கு நிறமானது. அதைப் பார்த்தாய்.

“இதுல சாயம் ஊறிக்கினு இருக்குதேபா. என் மாவு வெள்ளைபா.”

“அலசிக் குடுக்கறேன். ஏழு தண்ணி” என்றேன்.

எங்கள் கொட்டகையின் வேதம் அது. ஆறாவது தண்ணீர்வரை சாயம் கசியும், ஏழாவது தண்ணீர் தெளியும். ஏழாவது தெளிந்தால்தான் பட்டு தறிக்குப் போகும். ஊர் முழுக்க அந்தப் பேச்சு உண்டு, எங்கள் கொட்டகைப் பட்டு ஏழு தண்ணி பார்த்தது என்று.

மறுநாள் மத்தியானம் பெட்டியைத் தூக்கிவந்து உன் கடையில் நிறுத்தினேன். “அலசிட்டியாபா?” என்று கேட்டாய். “ஏழு தண்ணி. ஏழாவது தண்ணிய நீ குடிக்கலாம்” என்றேன். நீ தலையை ஆட்டினாய். யாராவது என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

பெட்டியைப் பேக்கரிப் பெட்டியாக மாற்றிய அந்த மத்தியானத்தை நினைத்தால் இன்னும் எனக்குக் கர்வம் வருகிறது. மயனும் விசுவகர்மாவும் கூரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். கதவு கோணியிருந்தது. பழைய வேட்டியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, சந்துகளில் ஒட்டினோம். ஆவி மிஞ்சினால் வெளியேறப் பக்கவாட்டில் துளை போட்டு, அதைத் தேங்காய் மட்டையால் அடைத்தாய். வேண்டும்போது பிடுங்கலாம், வேண்டும்போது அடைக்கலாம். சூடு பார்க்க நம்மிடம் கருவி இல்லை. நான் சாயக்காரன் முறைப்படி முழங்கையை நீட்டிப் பார்த்துப் போதும் என்றேன். நீ கன்னத்தை உள்ளே காட்டிக் கண்ணை மூடிக்கொண்டு நின்று, இன்னும் கொஞ்சம் கரி என்றாய். அண்ணி வந்து பார்த்துவிட்டு, இரண்டு ஆம்பிளைகள் ஒரு பெட்டிக்கு முத்தம் கொடுக்கிறார்கள் என்று தெருவுக்கே சொன்னார்.

பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சம்பழ அளவு மாவைப் போட்டு, மாவு நின்ற மட்டத்தில் தம்ளரைச் சுற்றி ஒரு பட்டு இழையைக் கட்டி உள்ளே வைத்தாய். முக்கால் மணி நேரத்தில் எடுத்தபோது மாவு இழையைத் தாண்டி இரண்டு விரல் மேலே நின்றது. நீ தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாய். என் தோளில் கையை வைத்தாய், அவ்வளவுதான்.

அடுத்த நாள் முப்பது அச்சு. மூன்று மணி நேரம் ஆவி. மாவு எல்லாம் ஒரே மாதிரி, ஒரே உயரம், கல்யாண வரிசையில் உட்கார்ந்த சம்பந்திகள் மாதிரி. நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டாய், நான் பெட்டியிலிருந்து அச்சுகளை எடுத்துக் கொடுத்தேன். மேல் வரிசையை எடுக்கும்போது என் கையில் ஒரு சொட்டு விழுந்தது. மேல்பலகையில் ஆவி வேர்த்து நின்றது. கையைப் பார்த்தேன். என் விரல்கள் பத்தும் அரக்கு. நகம் அரக்கு, ரேகை அரக்கு. பிறந்தபோதே அப்படித்தான் இருந்தேனோ என்னவோ. அதில் புதுச் சொட்டு எது, பழைய சாயம் எது என்று யாருக்குத் தெரியும்? வெறும் தண்ணீர் என்று நினைத்து வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வேட்டியும் அரக்குதான்.

அந்தப் பெட்டி வருஷக்கணக்காக உலர்த்தத்தான் தெரிந்த பெட்டி. அதை நாம் வேர்க்கவைத்தோம். காய்ந்த மரத்தில் அடங்கிக் கிடந்த சாயம் ஆவிக்கு அவிழ்ந்தது. உன் ரொட்டியின் மேல்தோல் பொன்னிறத்தில் சிவந்துவிட்டதால், அடுப்பிலிருந்து எடுத்தபோது யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. காஞ்சிபுரத்தின் சரித்திரத்திலேயே அவ்வளவு அழகான ரொட்டி வெந்ததில்லை என்று நான் அறிவித்தேன். அன்றைக்கு நீ கேள்வி எதுவும் கேட்கவில்லை.

நானும் உன்னோடு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பெருமையைப் பார்க்க வேண்டாமா?

இனிமேல் மிகைப்படுத்த ஒன்றும் இல்லை. நடந்ததே போதும்.

சிஸ்டரம்மா வார்டின் நடுவில் இருந்த மேசையில் ஒரு ரொட்டியை வைத்து அழுத்திப் பார்த்தார். முகத்தில் திருப்தி. கத்தியை எடுத்து அறுத்தார். முதல் துண்டு சாய்ந்தது. வெள்ளை ரொட்டிக்குள், மேலிருந்து கீழே இறங்கிய சிவப்பு. இரண்டாவது துண்டிலும். மூன்றாவதில் ஒரு பெரிய துளி, ஓரம் பரவி, நடுவில் கறுத்து.

இருமி இருமித் துணியில் அந்த நிறத்தைத் தினமும் பார்ப்பவர்கள் இருபது பேர் கட்டில்களில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு பெரியவர், நெசவாளி, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தட்டோடு கை நீட்டிக்கொண்டிருந்தவர் தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். நான் என் அரக்குக் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

“இது என்ன?” என்றார் சிஸ்டரம்மா.

“சாயம், சிஸ்டர். மாவு வெக்கற பெட்டில பழைய சாயம் இருந்திருக்குது.”

“யாருடைய பெட்டி அது?”

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

இந்த ஊரில் ஒரு சாயக்காரன் கொலைகூடச் செய்துவிட்டுத் தெருவில் நடக்கலாம். அவன் சாயம் ஓடிவிட்டது என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் அவன் தொலைந்தான். ஒரு தறிக்காரரும் அவனிடம் நூல் கொடுக்க மாட்டார். அது உனக்கும் தெரியும்.

“வாலாஜாபாத் சந்தைல வாங்கினேன் சிஸ்டர். நல்லா அலசாம வெச்சிட்டேன். என் தப்பு.”

பொய் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன் நீ. மாவில் உப்புக் குறைந்தால்கூட வாங்குபவரிடம் சொல்லி விற்பவன்.

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த பெரியவர் திரும்பாமலேயே சொன்னார். “சாயம் இல்லபா. எவனோ என்ன மாதிரி இருமறவன் ஒருத்தன் மாவு பெசைஞ்சிருக்கான்.”

நீ மேசைக்குப் போனாய். அந்த மூன்றாவது துண்டை, பெரிய துளி இருந்த துண்டை, எடுத்தாய். அந்தப் பெரியவரின் கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய், அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயில் வைத்துக் கடித்தாய். மென்றாய். விழுங்கினாய். அடுத்த துண்டை எடுத்தாய். அதையும் தின்றாய்.

“ரத்தமா இருந்தா துன்னுவனா பெரியவரே?” என்றாய். நாக்கை நீட்டிக் காட்டினாய். நாக்கு முழுக்க அரக்கு. முகூர்த்தப் புடவை நிறம்.

பெரியவர் பார்த்தார். அவர் தறியில் எத்தனை அரக்குப் பார்த்திருப்பார்! “சாயந்தான்” என்றார். பிறகுதான் வார்டு மூச்சுவிட்டது.

நான் விடவில்லை. என் கொட்டகையில் அந்தச் சாயப்பொடி டப்பாவின் மேல் மண்டையோடு போட்டிருக்கும். அந்த மண்டையோடு இப்போது உன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. உன்னைத் தடுக்க எனக்கு ஒரு சொல் போதும். சொன்னால் அந்தப் பெட்டி யாருடையது, அதை யார் அலசினார்கள் என்பதெல்லாம் வெளியே வரும். அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை.

சிஸ்டரம்மா ரொட்டிகளை எரிக்கச் சொன்னார். ஒரு வாரம் கழித்து உன் கடைக்கு வருவதாகவும், வெள்ளைத் துணியால் பெட்டியைத் துடைத்துப் பார்ப்பதாகவும், துணியில் ஒரு புள்ளி நிறம் வந்தாலும் அதோடு சரி என்றும் சொன்னார்.

கடைக்கு வந்ததும் அண்ணி உன்னைச் சுவரோரம் நிறுத்தி உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைத்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு தெரிந்த சாமி எல்லோரையும் கூப்பிட்டேன். உங்கள் கர்த்தரையும் விடவில்லை. மோர் கொடுத்தார், முட்டையின் வெள்ளைக்கரு கொடுத்தார். மறுநாள் காலை ஓடிவந்து பார்த்தபோது, நீ வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தாய். துப்பியதெல்லாம் அரக்கு. “உசுரு இருக்குது” என்றார் அண்ணி என்னிடம். “நாக்குதான் வளைகாப்புக்குப் போவுது.” நான் அழுதுவிட்டேன். நீ சிரித்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நீ அந்த வாயோடு பாட்டுப் பாடியதைப் பார்த்து ஊரே வெற்றிலை போட்டுக்கொண்டு வந்துவிட்டாய் என்று பேசியது.

ஆனால் அதை நான் பார்க்கவில்லை. கேள்விப்பட்டதுதான். உன் உயிருக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த அன்றே, மச்சினன் பிள்ளைக்குக் காது குத்து என்று சொல்லித் தென்னேரிக்குப் பஸ் ஏறிவிட்டேன். காது குத்து இல்லை. அந்தப் பிள்ளைக்கு முன்வருஷமே குத்தியாகிவிட்டது. தெருவில் யாராவது சாயத்தைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம். எட்டு நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். நீ தனியாக அந்தப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தேன். தெருமுனையில் நீ சைக்கிளில் எதிரே வந்தாய். பின்னால் கூடை, கூடையில் முப்பது ரொட்டி, ஆஸ்பத்திரிக்குத்தான். சிஸ்டரம்மாவின் துணி வெள்ளையாகவே திரும்பியிருந்தது. “பெட்டி தெளிஞ்சிடுச்சிபா” என்றாய். நின்று பேச நேரமில்லை, மணி நாலாகப் போகிறது என்று மிதித்தாய்.

அன்று சாயங்காலம் டீக்கடையில், தென்னேரிக் காது குத்தில் நாற்பது இட்லி தின்றதாக நான் ஆரம்பித்தேன். நீ டீயை ஊதிக்கொண்டே கேட்டாய்.

“எத்தினி தண்ணிபா?”

அதுதான் முதல் தடவை. நான் பத்து என்று இறக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்காமல் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் டீயைக் குடித்தாய்.

இப்போது அந்தத் துண்டைச் சொல்கிறேன். அன்றைக்குக் கொட்டகையில் பெட்டியை இரண்டு தண்ணீர் அலசினேன். இரண்டாவது தண்ணீர் இன்னும் ரத்தம் மாதிரிதான் ஓடியது. கை விறைத்தது. டாக்கீஸில் அன்று புதுப்படம், இரவுக் காட்சிக்கு மணி அடித்துவிட்டார்கள். மரம்தானே, பட்டா என்று நினைத்தேன். ஓடிவிட்டேன். படத்தில் என்ன பார்த்தேன் என்று ஒரு காட்சிகூட நினைவில்லை.

இதைச் சொல்லாமலேயே செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். உனக்கு முன்னால் நான் போய்விடுவேன், விஷயம் என்னோடு போய்விடும் என்ற கணக்கு. நீ அதிலும் முந்திக்கொண்டாய்.

இன்று எஸ்தர் என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அம்மா சொல்லும் சித்தப்பா. அப்பா பெட்டியக் கழுவும்போது ஒவ்வொரு தண்ணி மாத்தறப்பவும் ஒரு கோடு போட்டாராம். அஞ்சாவதுல தெளிஞ்சிடுச்சாம். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் அந்தக் கோடுங்களையே பாத்துக்கினு உக்காந்திருந்தாராம். ஏன்னு அம்மாவுக்குத் தெரியல.”

எனக்குத் தெரியும். ஏழு தண்ணீர் பார்த்த மரத்தில் இன்னும் ஐந்து தண்ணீருக்குச் சாயம் எப்படி இருக்கும்? உன் ஐந்தோடு சேர்த்து ஏழு ஆக வேண்டுமானால், என் பங்கு என்ன? எங்கள் கொட்டகையின் கணக்கை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. அன்றைக்கே தெரிந்துவிட்டது உனக்கு. சாயத்தை விழுங்கிய நாக்கு இன்னும் வெளுக்காத அந்த வாரத்திலேயே.

ஐம்பது வருஷமாகத் தினமும் அந்த டீக்கடையில் கேட்டாயே. நான் அதை வேடிக்கை என்று நினைத்தேன். ஊரே வேடிக்கை என்று நினைத்தது. நான் மீனைச் சுருக்கினேன், இட்லியைச் சுருக்கினேன், பாம்பைச் சுருக்கினேன். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு நீ கொஞ்ச நேரம் என்னைப் பார்ப்பாய். நான் அப்போதெல்லாம் டீக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்பேன். ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாய், நான் உள்ளே வரட்டும் என்று. ஒரு தடவைகூட நீயாக இழுக்கவில்லை. இப்படி ஒரு மனுஷன் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு எண்பது வயதில்தான் தெரிய வேண்டுமா?

“ஏன் சித்தப்பா அஞ்சு?” என்று எஸ்தர் கேட்டாள்.

எத்தனையோ கதை நாக்கின் நுனிக்கு வந்தது. பஞ்சபூதம், பஞ்சபாண்டவர், எல்லாம் வரிசையில் நின்றார்கள். உன் கேள்வியும் வந்தது. அதைக் கேட்க இனி நீ இல்லை என்ற நினைப்பு அதற்கப்புறம் வந்தது.

“மீதிய நான் அலசினேன்மா. ஏழுன்னு உங்கப்பாகிட்ட பொய் சொன்னேன்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். உன் கண் அவளுக்கு. எழுந்து உள்ளே போய்க் காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகத்தான் கொடுத்தாள்.

பெட்டிக்குள் தலையை விட்டேன். கோடு நேராக வரவில்லை. உன் ஐந்துக்கு முன்னால், இடம் விட்டு, கீறினேன்.

இரண்டுபா. இரண்டுதான்.